கல்யாண வீட்டில் விழுந்த ஒரு சொல்: என் மகள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்

கேள்வி: ரங்கூன் அம்மா

பர்மாத் தமிழர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனத்திலேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயத்தை இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களிடம் கேட்டால் அதுவே ஊர்ப்பேச்சாகிவிடும் என்ற பயத்தில் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

என் மகளுக்கு 18 வயது. மெட்ரிக் தேர்வு முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு வேலை பார்க்கிறாள். மாசி மாதம் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் நடந்தது. பந்தி முடிந்து தாம்பூலம் வாங்கும் இடத்தில் என் நாத்தனார் அவள் கன்னத்தைத் தொட்டு, "என்னம்மா இப்படிக் கறுத்துப் போயிட்ட, உடம்பும் வேற வச்சிருச்சு, இனிமேதானே மாப்பிள்ளை பாக்கணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என் மகள் இன்னும் மறக்கவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாடு நின்றுவிட்டது. காலையில் மோஹிங்கா (மீன் சாறு ஊற்றிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தால் சாற்றை மட்டும் குடித்துவிட்டு, நூடுல்ஸை அப்படியே கிண்ணத்தின் அடியில் விட்டு, பிழிந்த எலுமிச்சைத் தோலால் அதை மூடி வைத்துவிடுகிறாள். வேலைக்குப் போகும் வழியில் உள்ள மருந்துக் கடையில் தினமும் எடை பார்ப்பதாக அவள் தோழி சொன்னாள். கைப்பேசியில் நேரலையில் விற்கும் ஒருவரிடம் வெள்ளை நிற வட்ட டப்பாவில் ஒரு களிம்பு வாங்கியிருக்கிறாள். அதில் பெயருமில்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமுமில்லை. பூசத் தொடங்கிய மூன்று வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது. காதும் கழுத்தும் பழைய நிறத்திலேயே இருப்பதால், முகம் மட்டும் யாருடையதோ போல இருக்கிறது. சிறு வயதிலிருந்து தினமும் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்தை இப்போது தொடுவதில்லை. இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை.

இந்தக் களிம்பால் கெடுதல் உண்டா? சாப்பிடாமல் இருப்பது வயதுக் கோளாறா, அல்லது நோயென்று நினைத்துக் கவனிக்க வேண்டுமா? கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா? தீமிதிக்கு அந்த நாத்தனார் எங்கள் வீட்டில்தான் வந்து தங்குவார். உறவு முறியாமல் அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: மோல்மீன் செவிலி

தங்கச்சி, அந்தக் களிம்பை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மோல்மீனில் 31 ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். மூன்று வாரத்தில் முகம் வெளுக்கிறதென்றால் அந்தக் களிம்பைச் சந்தேகப்படத்தான் வேண்டும். அவ்வளவு வேகமாக வெளுக்க வைப்பது பெரும்பாலும் பாதரச உப்பு, ஹைட்ரோகுயினோன், வலுவான ஸ்டீராய்டு ஆகிய மூன்றில் ஒன்றாகவோ அவற்றின் கலவையாகவோ இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாக உதவும் நொதியைப் பாதரசம் தடுத்துவிடுகிறது; ஆனால் அது தோலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. ஹைட்ரோகுயினோனை நெடுநாள் பூசினால், வெளுக்க வேண்டிய இடமே நீலம் பாய்ந்த கறுப்பாக மாறி அப்படியே நின்றுவிடுவதுண்டு. ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும்படி செய்துவிடும்.

நம் நாடு சேர்ந்திருக்கும் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பின் அழகுப்பொருள் விதிகளின்படி பாதரசமும் முகத்தில் பூசும் ஹைட்ரோகுயினோனும் தடை செய்யப்பட்டவை. 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையும் அழகுப்பொருள்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிறது. அப்படியிருந்தும் பெயரில்லாத டப்பாக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. டப்பாவிலோ அதனுடன் வந்த தாளிலோ "தங்கம், வெள்ளி, அலுமினியம் மேல் படவிடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாதரசம் உலோகத்தோடு சேரும் என்பதால்தான் அப்படி எச்சரிப்பார்கள். நகையில் படக்கூடாத ஒன்றைப் பெண்ணின் முகத்தில் பூசச் சொல்லி விற்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வார்டில் ஒரு முறை, கல்யாணத்துக்கு இரண்டு மாதமே இருந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி வெகுநேரம் நிறையவில்லை. சிறுநீர் நுரைத்துப் போனது. இதயத்தையும் ஈரலையும் சோதித்துப் பார்த்து ஒன்றும் தெரியாமல், கடைசியில் ஒரு வயதான மருத்துவர்தான் "முகத்துக்கு என்ன பூசுகிறாய்?" என்று கேட்டார். சிறுநீரகம் கசிந்து புரதம் வெளியேறிக்கொண்டிருந்தது. களிம்பை நிறுத்திய பிறகு பல மாதம் கழித்து அவள் தேறினாள். ஆகவே உங்கள் மகளுக்குச் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். எந்தச் சிறிய பரிசோதனைக் கூடத்திலும் செய்யக்கூடிய எளிய சோதனைதான் அது. களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும். அதற்குப் பயந்து அவள் மறுபடி அந்த டப்பாவையே எடுத்துவிடுவாள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தை வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு இரண்டு மாதம் நின்றால் மருத்துவர் முதலில் கர்ப்பத்தையும் தைராய்டையும் பற்றித்தான் கேட்பார். அது வழக்கமான கேள்வி, மகளும் நீங்களும் மனம் வருந்த வேண்டாம். அவை இல்லையென்றால், போதிய உணவு வராததால் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக யாரோடும் பேசாமல் ஒதுங்கினார்கள். உங்கள் மகளின் முகம் வாடிக் கிடந்தால் அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள், பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். மயக்கம் வந்தாலோ, ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாள் என்று தெரிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பதில்: பெகு தகப்பன்

அம்மா சொன்னதையும் செவிலி அம்மையார் சொன்னதையும் படித்தேன். களிம்பு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எடையைப் பற்றி யாரும் பேசவே கூடாது என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் குடும்பத்தில் என் தாயாரும் இரண்டு அக்காமாரும் சர்க்கரை நோயால் அவதிப்பட்டவர்கள். பெரிய அக்காவுக்குக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. என் மகள்கள் எடை போடும்போது நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் விவரத்தாளில் நிறம், உயரம் என்றெல்லாம் கேட்கிறார்கள். நாங்கள் எழுதாமல் விட்டால் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் மட்டும் மாறினால் போதுமா?

பதில்: தாட்டோன் தையல்காரி

நான் தாட்டோனில் ரவிக்கை தைக்கிறேன். படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் உடம்பை என் அளவு நாடாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நாடாவை இடுப்பில் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுக்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. "மூச்சு விடும்மா, இல்லாட்டிச் சாப்பிட்டப்புறம் ஊக்கு தெறிச்சிடும்" என்று சொல்வேன். அப்போதும் பாதி மூச்சைத்தான் விடுவார்கள். 12 வயதுப் பிள்ளை ஒன்று போன வருடம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது என் கை ஓடவில்லை.

தமெயின் (பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பர்மியத் துணி) கட்டுகிறவரை இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. உடம்பு கூடினால் மடிப்புக் குறையும், உடம்பு குறைந்தால் மடிப்புக் கூடும், அதே துணி மறுபடியும் இடுப்பில் சரியாக நின்றுவிடும். இப்போது தைத்து வரும் உடுப்பில் ஓர் எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணுக்குள் நுழையாவிட்டால் துணியை மாற்றாமல் உடம்பை மாற்றத் துடிக்கிறார்கள்.

அழகு என்று எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்களா? லொய்க்கோ பக்கத்துக் கயான் பெண்கள் கழுத்தில் பித்தளை வளையம் அணிவதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்து நீண்டுவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் கழுத்து நீள்வதே இல்லையாம். வளையத்தின் பாரம் காறை எலும்பையும் விலாவையும் கீழே அழுத்துவதால்தான் அப்படித் தெரிகிறதாம். அங்கே பித்தளையைத் தாங்குகிறார்கள், நம் பிள்ளை பெயரில்லாத டப்பாவையும் பட்டினியையும் தாங்குகிறது.

நாத்தனார் விஷயம் கேட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசினவள்தான். "போன தடவையை விட ரெண்டு இஞ்ச் கூடியிருக்கேம்மா" என்று அளவெடுக்கும்போது நான் சத்தமாகச் சொல்வது வழக்கம். ஒரு நாள் ஒரு பெண் கடையை விட்டுப் போகும்போது, "அக்கா, இனிமே நோட்டுல மட்டும் எழுதிக்கங்க, வாயால சொல்லாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து எழுதி மட்டுமே வைக்கிறேன். உங்கள் நாத்தனாரிடமும் அப்படி ஒரே ஒரு வரி சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம், அவர் வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள்: "அண்ணி, பிள்ளை சாப்பிடாம மருந்து மாத்திரையில நிக்குது, அவ நிறத்தையும் உடம்பையும் பத்தி ஒரு வார்த்தையும் வேண்டாம்." முக்கால்வாசிப் பேர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பேச வேறொன்றும் கிடைக்காததால் வாயில் வருவதுதான் அது. நலம் விசாரிப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். விளைவைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

பதில்: இருபத்து நான்கு வயதுக்காரி

அம்மா, உங்கள் மகள் செய்வதையெல்லாம் நானும் செய்திருக்கிறேன். அதனால் அவள் பக்கம் நின்று எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை விட "கலாமா" (இந்திய வம்சாவளிப் பெண்ணை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆட்களே மாநிறம், கறுப்பு, சிவப்பு என்று தரம் பிரிப்பார்கள். வெளியே கறுப்பு என்பதற்காக ஒதுக்கினார்கள். உள்ளே அதே கறுப்புக்காக இரக்கப்பட்டார்கள். எனக்கு அந்த இரக்கம்தான் அதிகமாக வலித்தது. வெளுத்தால் இரண்டு இடத்திலும் தப்பிக்கலாம் என்று 16 வயதில் தோன்றியது. உங்கள் மகளுக்கும் அந்த ஒரே டப்பாவில் இரண்டு வாசலும் தெரிந்திருக்கும். அதை வெறும் அலங்கார ஆசை என்று நினைத்து விடாதீர்கள்.

கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். என் அம்மா பிடுங்கினார். நான் தோழியின் கைப்பேசியில் பார்த்தேன், அதோடு அம்மாவிடம் எதையும் சொல்வதையும் நிறுத்திக்கொண்டேன். மின்சாரம் வரும் நேரம் பார்த்து அவள் கைப்பேசிக்கு மின்னேற்றும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, யார் யாருடைய படங்களைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள். எனக்கு என் சித்தி ஒன்றைச் செய்து காட்டினார். என் மூக்கு அகலம் என்று நான் அழுதுகொண்டிருந்த காலம் அது. கையை மடக்கி முகத்துக்கு அருகில் வைத்து ஒரு படமும், ஐந்தடி தள்ளி நின்று ஒரு படமும் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தார். முதல் படத்தில் இருந்த மூக்கு என்னுடையதே இல்லை. முகத்திலிருந்து 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். மூன்று வருடம் நான் வெறுத்தது என் மூக்கை அல்ல, என் கை நீளத்தின் குறைவை.

பெரியவர்கள் "எல்லாம் இந்தக் காலத்துப் பெண்களின் கெட்ட புத்தி" என்கிறார்கள். ஃபிஜித் தீவில் வாட்டசாட்டமான உடம்புதான் அழகு என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்தார்கள். அங்கே ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும் மூன்று ஆண்டு கழித்தும் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். முதல் முறை, எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை, 1998இல் 11.3 விழுக்காடு மாணவிகள் சொன்னார்கள். மூன்றே ஆண்டில், கைப்பேசி பரவாத காலத்தில் நடந்தது இது. பிரான்சு நாட்டில் 2017லிருந்து, விளம்பரப் படத்தில் ஒரு விளம்பர அழகியின் உடம்பைக் கணினியில் மெலிய வைத்திருந்தால் அதை அந்தப் படத்திலேயே எழுதியாக வேண்டும். எங்களுக்கு வரும் படங்களில் அப்படி ஓர் எழுத்தும் இல்லை. அடுத்த தெருப் பெண்கூட முகத்தை வெளுக்க வைத்து, தாடையைச் சுருக்கித்தான் படம் போடுகிறாள். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்று இந்தியாவில் வந்த களிம்பு 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சிவப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு ஒளி என்று வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் "கறுப்பு" என்பதை "டல்லா இருக்க" என்று மாற்றிக்கொண்டார்கள். காதில் விழுந்தது பழைய சொல்தான்.

நான் எப்படிச் சாப்பிடத் தொடங்கினேன் என்று கேட்டால், யாரும் "சாப்பிடு" என்று சொல்லாத நாளில்தான். சித்தி தன் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வேறு கதை பேசுவார். என் தட்டைப் பார்க்கவே மாட்டார். முதல் வாரம் இரண்டு கவளம்தான் இறங்கியது. பிறகு ஒரு பெண் மருத்துவரிடம் ஓராண்டு போனேன்.

பதில்: மோல்மீன் செவிலி

பெகு ஐயாவுக்கு: உங்கள் அக்காவைப் பற்றிப் படித்து வருந்தினேன். சர்க்கரை நோயைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே அந்த நோய் எட்டிப் பார்க்கும் என்பதால்தான், உலக சுகாதார அமைப்பு 2004இல் ஆசிய மக்களுக்கு உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 23லிருந்தே கவனம் தேவை என்று தனியாக வரையறுத்தது. ஆனால் அந்த எண்ணை மருத்துவர் தனியறையில், இரத்தச் சர்க்கரையையும் இடுப்பளவையும் சேர்த்து வைத்துச் சொல்ல வேண்டும். பந்தியில் சொன்னால் அது மருத்துவம் ஆகாது. சொல்லிச் சொல்லி எடை குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை; ஒளித்துத் தின்னப் பழகியவர்களையும், பட்டினி கிடந்து பிறகு ஒரே மூச்சில் தின்று வாந்தி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மகள்கள்மேல் அக்கறை இருந்தால் வீட்டில் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சமையலை மாற்றுங்கள், மாலையில் நீங்களும் சேர்ந்து நடங்கள். விவரத்தாளில் நிறம் கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அதற்காகவே திரும்பிப் போகிற வீடு, பெண் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பதில்: ரங்கூன் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அவளிடம் முதலில் கல்யாண வீட்டுச் சிரிப்பைப் பற்றித்தான் பேசினேன். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றிரவே டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதோடு வந்த தாளில் நகையில் படக்கூடாது என்ற வரி உண்மையிலேயே இருந்தது. அதை அவள் தங்கை படித்துக் காட்டியதும் பெரியவள் தன் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

சிறுநீர்ச் சோதனையில் புரதம் சிறிதளவு தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தைராய்டு சரியாக இருக்கிறது. எடை மிகவும் குறைந்துவிட்டதால்தான் மாதவிலக்கு நின்றது என்றார். செவிலி அக்கா சொன்னபடியே முகம் சிவந்து எரிகிறது. நேற்று அழுதாள், ஆனால் டப்பாவைக் கேட்கவில்லை. இரவில் நான் என் தட்டோடு அவள் பக்கத்தில் உட்காருகிறேன், தட்டைப் பார்ப்பதில்லை. நேற்று கால் தட்டுச் சோறும் பருப்பும் இறங்கியது.

நாத்தனாரிடம் தையல்கார அக்கா சொன்ன அதே வரியைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் கலியாணம் ஆகி வந்தப்ப எனக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

செவிலி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் முகம் துடைத்த துண்டும் தலையணை உறையும் அலமாரியில் இருக்கின்றன. தங்கையும் அதே துண்டைத்தான் பயன்படுத்தினாள். துவைத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மோல்மீன் செவிலி

வேண்டாம் தங்கச்சி. துண்டையும் உறையையும் டப்பாவோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வையுங்கள். சாக்கடையில் கொட்டவோ எரிக்கவோ கூடாது, எரித்தால் பாதரசம் புகையில் வரும். அடுத்த முறை போகும்போது அந்தப் பையை மருத்துவரிடம் காட்டி, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். தங்கைக்கும் அன்றே சிறுநீர் பார்த்துவிடுங்கள்.